நெகிழ்வட்டுகளை வீசும் முன்

கணினியில் 'சேமி' என்னும் கட்டளைக்கு அருகில் ஒரு சிறிய சதுரப் படம் இருக்கும். அது எதன் படம் என்று கேட்டால் இன்றைய மாணவர் பலருக்கு விடை தெரியாது. அதுதான் நெகிழ்வட்டு. 1980களிலும் 1990களிலும் கணினியைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் கடிதங்களையும் கதைகளையும் கணக்குகளையும் பெரும்பாலும் அதில்தான் சேமித்தார்கள். பரவலாகப் பயன்பட்ட மூன்றரை அங்குல நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு. இன்றைய திறன்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. ஆனால், எழுத்து மட்டும் என்றால் ஒரு முழு நாவலே அதில் அடங்கிவிடும்.

அத்தகைய வட்டுகள் இன்றும் பல வீடுகளின் அலமாரிகளிலும் பள்ளி, ஆலய, சங்க அலுவலகங்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. "இதைப் படிக்கக் கருவி இல்லை, எப்போதோ கெட்டுப்போயிருக்கும், தூக்கிப் போடுங்கள்" என்றே பலரும் சொல்கின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பழைய வட்டுகளில் உள்ளவற்றைப் பெரும்பாலும் மீட்க முடியும். அம்முயற்சியைத் தள்ளிப்போடாமல் உடனே தொடங்குவது அவசியம்.

மீட்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985ஆம் ஆண்டில் அமிகா என்னும் கணினியில் சில படங்களை வரைந்தார். அவர் மறைந்த பிறகு அந்த நெகிழ்வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தினர் அவற்றைக் கவனமாகப் படியெடுத்தனர். படங்கள் அறிமுகமில்லாத கோப்பு வடிவத்தில் இருந்ததால், அவற்றைத் திறக்கும் வழியையும் அவர்களே ஆராய்ந்து கண்டறிந்தனர். 2014ஆம் ஆண்டில் அப்படங்கள் உலகின் பார்வைக்கு வந்தன. 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்னும் கணினி விளையாட்டும் 1989ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஆனால், அதன் மூல நிரல் பல ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்தது. 2012ஆம் ஆண்டில் அவ்விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை, வீட்டில் பழைய நெகிழ்வட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். வல்லுநர்களின் உதவியுடன் அவற்றிலிருந்து மூல நிரல் மீட்கப்பட்டது.

இது எப்படி இயலுகிறது? நெகிழ்வட்டின் உள்ளே மெல்லிய, வட்டமான நெகிழித் தகடு ஒன்று இருக்கிறது. அதன்மேல் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடில் எழுத்துகள் நுண்ணிய காந்தக் குறிகளாகப் பதிகின்றன. தகட்டின் ஒவ்வொரு பக்கமும் 80 தடங்களாகவும் ஒவ்வொரு தடமும் 18 கூறுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். சில கூறுகள் பழுதானாலும் மற்றவை நல்ல நிலையில் இருக்கலாம். ஒருவர் ஒரு கோப்பை அழித்திருந்தாலும் அதன் உள்ளடக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை. நூலகப் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை நீக்கிவிட்டால், அந்த நூல் அடுக்கிலேயே இருக்கும் அல்லவா? அதுபோல, வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழைய உள்ளடக்கம் வட்டிலேயே தங்கியிருக்கும்.

தமிழில் எழுதப்பட்ட கோப்புகளுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. மலேசியாவில் 1985ஆம் ஆண்டிலேயே முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். இவ்விரு நாடுகளிலும் தமிழர் பலர் அக்காலத்திலேயே கணினியில் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டனர். ஆனால், அன்று அனைவரும் ஏற்றுக்கொண்ட பொதுவான குறியீட்டு முறை இல்லை. 'அ' என்னும் எழுத்துக்கு ஒரு மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுத்தது. மற்றொன்று வேறோர் எண்ணைக் கொடுத்தது. ஆகவே, அக்கோப்பை இன்று திறந்தால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தோன்றும். காண்பவர், "கோப்பு கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து அதை அழித்துவிடுவார். உண்மையில் அக்கோப்பு நலமாகவே இருக்கிறது. உரிய எழுத்துருவை நிறுவினாலோ ஒருங்குறிக்கு மாற்றினாலோ ஒவ்வோர் எழுத்தும் மீண்டும் தமிழாகத் தோன்றும்.

"முக்கியமானவை எல்லாம் அச்சில் இருக்கின்றன, எஞ்சியவற்றுக்காக ஏன் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். எது முக்கியம் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே முடிவு செய்ய இயலாது. உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றபோது, சுவடிகளை வைத்திருந்த பலருக்கு அவற்றின் அருமை தெரியவில்லை. மூடப்பட்ட ஒரு தோட்டப்பள்ளியின் ஆண்டு மலர், அச்சேறாத ஒரு நாடகம், ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு இன்று எஞ்சியுள்ள ஒரே படி நெகிழ்வட்டில் இருக்கலாம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட பிறகு, அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி வேறு எங்கே தேடுவது?

ஓலைச்சுவடிக்கும் நெகிழ்வட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. சுவடியைக் கண்ணால் படிக்கலாம். நெகிழ்வட்டைக் கருவியின்றிப் படிக்க இயலாது. அந்தக் கருவிகளோ அரிதாகி வருகின்றன. ஜப்பானில் சோனி நிறுவனம் 2011ஆம் ஆண்டில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இந்த வட்டாரத்தில் வட்டின்மேல் பூஞ்சணம் எளிதில் படரும். காலப்போக்கில் காந்தக் குறிகளும் மங்கும். அந்த வட்டுகளில் எழுதியவர்களுக்கும் வயதாகிறது. எந்த மென்பொருளில் எழுதினார், எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.

மற்றவரின் வட்டைத் திறப்பது அவருடைய தனிப்பட்ட வாழ்வில் தலையிடுவதாகாதா என்பது நியாயமான கேள்வி. வட்டில் சொந்தக் கடிதங்களும் குடும்பக் கணக்குகளும் இருக்கலாம். ஆகையால், உரியவரின் அனுமதியைப் பெற வேண்டும். அவர் மறைந்துவிட்டால் குடும்பத்தாரின் இசைவைப் பெற வேண்டும். மீட்கப்பட்டவற்றுள் எதை வெளியிடலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தனியுரிமையைக் காக்க இதுவே வழி. அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுவது முறையாகாது.

ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது; கவனமும் வேண்டும். பூஞ்சணம் படிந்த வட்டைக் கருவியில் செலுத்தவே கூடாது. படிக்கும் முனை அதன் பூச்சைச் சுரண்டிவிடும்; அழுக்கு அடுத்த வட்டுக்கும் பரவும். அத்தகைய வட்டுகளைத் தூய்மைப்படுத்தத் தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பதே நல்லது. நல்ல நிலையில் உள்ள மூன்றரை அங்குல வட்டில், மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்துவைக்க வேண்டும். அப்போது அதில் புதிதாக எதுவும் எழுதப்படாது. "இந்த வட்டை ஃபார்மெட் செய்யவா?" என்று கணினி கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. முதலில் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்க வேண்டும். பிறகு அந்தப் படியில்தான் கோப்புகளைத் தேட வேண்டும். ஒரு முறை படிக்க மறுத்த கூறு மறுமுறை படிக்கப்படுவதும் உண்டு. ஆகவே, பொறுமை தேவை.

சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒன்றுசேர்ந்து, அந்நாட்டில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கி, 2015ஆம் ஆண்டில் தேசிய நூலகத்தின்வழி மக்களுக்கு வழங்கினர். அச்சு நூல்களுக்குச் செய்த இப்பணி, அச்சேறாமல் வட்டுகளில் தங்கிவிட்ட எழுத்துகளுக்கும் நடைபெற வேண்டும். பள்ளிக் கணினிக் கழகங்களும் தமிழ்மொழிக் கழகங்களும் இணைந்தால் இது கைகூடும். மாணவர்கள் அதற்கு முன்னரே ஒரு பணியைத் தொடங்கலாம். வீட்டில் நெகிழ்வட்டு இருந்தால், அதில் என்ன இருக்கிறது, யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்த மென்பொருளில் எழுதியது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வட்டோடு சேர்த்து வைக்கலாம். வட்டைப் படிக்கும் கருவியைப் பிறகும் தேடிப் பெறலாம். அந்தப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டாக வேண்டும்.