தபாலின் பெயரால் ஒரு தூண்டில்

தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் எனப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும் காலம், யாழ்ப்பாணக் குடாநாட்டில் எதிர்பார்ப்பின் காலமுமாகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் பிள்ளைகள் அனுப்பிய பொதி எந்நாளில் வந்து சேரும் என்று பல வீடுகளிற் பெற்றோர் காத்திருக்கின்றனர். இந்த எதிர்பார்ப்பையே முதலாகப் போட்டு வாணிபம் நடத்த ஒரு கள்வர் கூட்டம் புறப்பட்டிருக்கிறது. அக்கூட்டம் மதிலேறிக் குதித்து வருவதில்லை. கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது.

உமது பொதி வந்துவிட்டது, முகவரி நிறைவாக இல்லாமையால் விநியோகிக்க முடியவில்லை, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கீழுள்ள இணைப்பில் விபரத்தை உறுதிசெய்க என்பதே அச்செய்தியின் சாரம். இணைப்பை அழுத்தினால் தபால் திணைக்களத்தின் இலச்சினை தாங்கிய பக்கம் ஒன்று திறக்கும். மீள்விநியோகக் கட்டணமென்று அது கேட்பது அற்பத் தொகை. அந்த அற்பத் தொகைதான் தூண்டிலிற் கொழுவிய புழு. அதைச் செலுத்துவதற்காக வங்கி அட்டையின் இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களையும் பதிந்தவுடன் அவை கள்வர் கைக்குப் போகின்றன. அடுத்து வங்கியிலிருந்து ஓ.ரி.பி. என வழங்கும் ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. அதனையும் அப்பக்கத்திற் பதிந்தால், கதவைத் திறந்துவிட்டதோடு பெட்டகச் சாவியையும் நாமே கையிற் கொடுத்தவர்களாகிறோம்.

குறுஞ்செய்தி அனுப்பிப் பணமோ வங்கி விபரமோ தான் கேட்பதில்லை என்று தபால் திணைக்களம் அண்மைய ஆண்டுகளிற் பலமுறை அறிவித்திருக்கிறது. ஆயினும் ஏமாறுவோர் ஏமாந்துகொண்டே இருக்கின்றனர். ஏன்?

இக்குடாநாட்டில் தபாலுக்குள்ள மதிப்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளின் மணியோடரிற் கல்வீடுகள் எழுந்த ஊர்கள் நம் ஊர்கள். 'மணியோடர்ப் பொருளாதாரம்' என்று பிறர் நம்மைச் சுட்டிய காலமும் உண்டு. போர்க் காலத்தில் ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த மக்கள் நாம். தபாற் கந்தோரிலிருந்து வந்த சொல் என்றால் அதனை ஐயுறும் வழக்கம் நமக்கில்லை. மோசடிக்காரன் முதலிற் களவாடுவது இந்த நம்பிக்கையையே.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. அதனைச் சொல்லாது 'கவனமாயிருங்கள்' என்று மட்டும் உபதேசிப்பது நேர்மையாகாது. கோப்பாயிலோ உரும்பிராயிலோ வெங்காயம் செய்யும் விவசாயி ஒருவருக்கு அவருடைய வங்கி அனுப்பும் உண்மையான செய்தி எம்மொழியில் வருகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். பணம் வந்ததும் ஆங்கிலத்தில். பணம் போனதும் ஆங்கிலத்தில். 'இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்' என்ற எச்சரிக்கைகூட ஆங்கிலத்தில்! விளங்காத மொழியில் வரும் உத்தரவுக்குக் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட ஒருவர், அதே மொழியில் வரும் பொய்யை எவ்வாறு இனங்காண்பார்? உர மானியம் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படும் இக்காலத்தில், 'மானியம் பெற விபரம் தருக' என்றொரு பொய்ச் செய்தி வருமாயின் அதை நம்ப அவருக்கு நியாயம் உண்டன்றோ?

1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் நம் மக்களைக் கந்தோர் வாசலில் ஊமையராக்கியது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஏறிய அந்த உரிமை கைத்தொலைபேசித் திரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. மொழியுரிமை மேடைப் பேச்சுக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒருவருடைய சேமிப்பு அவர் கையில் நிற்பதும் நிற்காததும் இன்று அதனைப் பொறுத்திருக்கிறது.

படித்தவர்க்கு இவ்வாபத்து இல்லை என எவரும் இறுமாந்திருக்க வேண்டா. பிரித்தானியாவில் 2021 ஆம் ஆண்டில் ரோயல் மெயிலின் பெயரால் இதே சூழ்ச்சி பரவியபோது, ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் அதில் அகப்பட்டனர். அலுவல் மும்முரத்தில் ஆசிரியரும் வைத்தியரும் எந்திரியும் அழுத்திவிடக்கூடிய இணைப்பே இது. 'தவறுதலாக உமக்கோர் ஆறிலக்க எண்ணை அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பும்' என்று நண்பரின் பெயரால் வரும் செய்தியும் அத்தகையதே. அனுப்பினால் நமது வாட்ஸ்அப் கணக்குப் பறிபோகும். பின்பு நமது பெயராலேயே நம் உறவினரிடம் பணம் கேட்கப்படும்.

இவற்றின் பின்னால் இருப்பது தெருமுனைத் திருடன் அல்லன். 2024 ஜூனில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்ல ஆகிய இடங்களில் ஒரே வேளையிற் சோதனை நடத்திய குற்றப் புலனாய்வுத் திணைக்களம், இணையவழி நிதி மோசடிக் குற்றச்சாட்டில் இந்தியப் பிரசைகள் அறுபது பேரைக் கைது செய்தது. மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இணைய மோசடித் தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. வேலை கிடைக்குமென நம்பிச் சென்று அங்கே மியாவடியில் அகப்பட்டவர்களுள் இலங்கை இளைஞர்களும் இருந்தனர்.

ஆகவே ஒவ்வொரு வீடும் சில விதிகளை வகுத்துக்கொள்ளல் வேண்டும். செய்தியில் வந்த இணைப்பை எக்காரணத்தாலும் அழுத்தலாகாது. பொதி பற்றிய ஐயமெனில் தபாற் கந்தோருக்கு நேரே சென்று கேட்கலாம். அனுப்பிய பிள்ளையையும் கேட்கலாம். ஓ.ரி.பி. இலக்கத்தை வங்கி உத்தியோகத்தர் என்று சொல்பவருக்கும் சொல்லலாகாது. அவசரப்படுத்தும் செய்தியை வீட்டில் இன்னொருவருக்குக் காட்டாமற் பதிலிறுக்கலாகாது. உறவினர் பெயராற் பணம் கேட்கப்படின், அவர் குரலைக் கேட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே அட்டையின் பின்புறத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துக. செய்தியை அழியாது வைத்துப் பொலிசில் முறையிடுக. கணினி அவசர பதிலளிப்புப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கி கவனியாதுவிடின் மத்திய வங்கியை 1935 என்ற இலக்கத்தில் நாடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் ஏட்டில் உண்டு. முறைப்பாடு இல்லாவிடின் அது ஏட்டிலேயே கிடக்கும். ஏமாந்தவரை ஊரார் ஏளனஞ் செய்வது கள்வனுக்குச் செய்யும் பேருதவி.

அரசாங்கத்துக்கும் வங்கிகளுக்கும் நாம் சொல்வது இது: தமிழைத் தெரிந்தெடுக்கும் வாடிக்கையாளருக்கு ஓ.ரி.பி.யும் எச்சரிக்கையும் தமிழில் வரல் வேண்டும். தபாற் கந்தோரிலும் கமநல சேவை நிலையத்திலும் விளங்கும் தமிழில் அறிவித்தல் ஒட்டப்படல் வேண்டும். இது சலுகை அன்று. வாடிக்கையாளர் பணத்தை வைத்திருப்போரின் கடமை.

அது நிறைவேறும்வரை நாம் கைகட்டி இருத்தலாகாது. சனசமூக நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நமக்குண்டு. ஆலய ஒலிபெருக்கிகளும் உண்டு. படித்த இளைஞர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தம் ஊர் முதியோர்க்கு இந்தத் தூண்டிலைக் காட்டிக்கொடுப்பாராக. செம்மண்ணில் ஓராண்டு பாடுபட்டுச் சேர்த்த பணம், ஒரு விரல் அழுத்தத்திற் போய்விட இனியும் இடங்கொடோம்!