எங்கே பிடித்த மீன் என்று கேளுங்கள்

கடல்மீன் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல்தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தந்திராயன்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் நண்பரிடம் முதன்முதலில் இதைச் சொன்னபோது அவருக்கு ஒப்பவில்லை. "கடல் மீனுக்கு எதுக்குண்ணே நல்ல தண்ணி? இன்னொரு கேன் மொண்டாந்து தரேன்" என்றார். மரக்காணம் உப்பளத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். பாத்தியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. சட்டென்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவருபவர் அவர்தான்.

நான் கோட்டக்குப்பத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டு முன்னறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். 65 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன், நான்கு நத்தை, சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறை, அதன்மேல் காளான் பவளம். சென்னை நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த ஒரே ஒரு காளான், ஐந்து வருடத்தில் தானாகப் பிரிந்து பிரிந்து இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்திலிருந்து உள்ளங்கை அகலம் வரை, வெல்வெட் துணியை விரித்த மாதிரி கிடக்கும்.

காலையில் டீக்கு முன் செய்யும் வேலை, ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்க வேண்டும். ஆயிரம் கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பு என்று அர்த்தம். மேலே ஃபேன் ஓடும் நாளில் ஒரு லிட்டர் வரை ஆவியாகிவிடுகிறது. கண்ணாடியில் மார்க்கரால் போட்ட கோடு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன். ஏழு நாள் ஊற்றாமல் விட்டால் அந்த 35 என்பது 39ஐத் தாண்டும். பவளம் அதைத் தாங்காது.

'சின்னத் தொட்டி சுலபம், முதலில் இதில் பழகுங்கள்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். நேர்மாறான பேச்சு. கடலில் ஒரு நத்தை செத்தால் கடலுக்குத் தெரியாது. 65 லிட்டரில் ஒரு நத்தை செத்துப் பாறை இடுக்கில் கிடந்தால் இரண்டே நாளில் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் போடக் கூடாது. வெறும் தண்ணீரும் பாறையுமாக ஓடும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அந்தப் பொறுமை இல்லாமல்தான் இருந்தது.

முதல் தொட்டியில், தண்ணீர் ஊற்றிய நான்காம் நாளே வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றை வாங்கிவந்து விட்டேன். மஞ்சள் உடம்பு, கண்ணின் மேல் கறுப்புப் பட்டை. எதைப் போட்டாலும் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இறாலை மிக நுணுக்கி நறுக்கிப் போட்டேன், வாயில் வாங்கித் துப்பியது. மூன்றாவது வாரம் முதுகு எலும்பு தெரிந்தது. ஒரு காலையில் பில்டரின் மேல் ஒட்டிக் கிடந்தது. அந்த இனத்தில் பல மீன்களுக்கு உயிருள்ள பவளத்தின் மொட்டுகள்தான் சாப்பாடு, வேறெதையும் தின்னத் தெரியாது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டினியில் சாகப்போகிற மீனை எனக்கு விற்றிருக்கிறார்கள், நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். எங்கிருந்து வந்த மீன் என்று கடையில் போய்க் கேட்டேன். "ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு சார்" என்றார்கள். அதற்குமேல் பேச்சு இல்லை.

அந்த 'சரக்கு' என்ற சொல் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. 2001இல் கல்பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அது. செத்து வெளுத்த பவளக் கிளையை அலமாரியில் அழகுக்கு வைப்பதும் குற்றம்தான். ஆனாலும் 'டெக்கரேஷன் கல்' என்று சொல்லி ஒருவர் என்னிடமே அப்படி ஒரு கிளையை நீட்டியிருக்கிறார்.

வெட்டுவது நின்றாலும் பாருக்கு வேறு எமன் வந்துவிட்டது. 2010, 2016, 2024 என்று மூன்று கோடைகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுவது அந்தப் பாசிதான். தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய், வெள்ளை எலும்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினி.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். 2024 மே, கத்திரி வெயில். தொட்டித் தெர்மாமீட்டர் மதியம் 31 காட்டியது. காளான்கள் ஓரம் சுருங்கி, வெந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி நிறம் மங்கின. தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றைச் சாய்த்து வைத்தேன். ஆவியாகும் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகும். கூலிங் டவர் வேலை செய்யும் அதே கணக்கு, என் தொழில் அது. வறண்ட காற்றுள்ள முற்பகலில் மூன்று டிகிரி இறங்கியது. பிற்பகலில் கடல்காற்று அடித்து ஈரம் ஏறியதும் ஒரு டிகிரிகூட இறங்க மறுத்தது. பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிட்டு, மாற்றி மாற்றி மூன்று வாரம் ஓட்டினோம். ஒவ்வொரு முறை ஃப்ரீசரைத் திறக்கும்போதும் மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வந்தது. அங்கே யார் போய் ஃபேன் வைப்பது?

அதே வருடம் நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ராத்திரி. ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. மின்சாரம் போனது. பம்பு நின்றால் பவளத் தொட்டியில் தண்ணீரும் நின்றுவிடும். நின்ற தண்ணீரில் ஆக்ஸிஜன் சில மணி நேரத்துக்குத்தான் வரும். பேட்டரி ஏர் பம்பு விடியற்காலை வரை ஓடி ஓய்ந்தது. அப்புறம் நானும் மனைவியும் மகளும் முறைவைத்து, டம்ளரில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். கால் மணி ஊற்றுவது, கால் மணி விடுவது. "கை வலிக்குதுப்பா" என்று சொன்ன மகள் டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை. இப்படிக் கையால் ஊற்றியவர்கள் எங்களுக்கு முன்பும் உண்டு. 1846இல் லண்டனில் ஆனா தைன் என்ற பெண்மணி டார்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். அப்போது மோட்டார் ஏது? திறந்த ஜன்னல் முன்னால் வேலைக்காரப் பெண் ஒருத்தி தினமும் தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றுவாளாம். அந்தப் பவளங்கள் மூன்று வருடம் போல உயிரோடு இருந்தன. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைத்ததாக நான் படிக்கவில்லை. அவளுடைய கைதான் அந்தத் தொட்டியின் பம்பு.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு பவளத் தொட்டியை உயிரோடு வைத்திருப்பது இத்தனை பாடு. தண்ணீர் கொண்டுவருவதிலும் கணக்கு உண்டு. கரையோரத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும், நண்பர் நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே போய்த்தான் மொள்ளுவார். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளமும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து உப்பு 30க்கும் கீழே இறங்கிவிடுவதால், அந்த மாதங்களுக்கு வேண்டியதைப் புரட்டாசியிலேயே கேன்களில் பிடித்து இருட்டில் வைத்துவிடுகிறேன். வாரம் ஏழு லிட்டர் மாற்ற வேண்டும். இத்தனை செய்தும் தப்பிப்போகும். கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் சாகிற மீன், பாரிலிருந்து வலைபோட்டு எடுத்த மீனாக இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உலகம் முழுவதும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் கடலிலிருந்துதான் வருகின்றன. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த பங்காய் கார்டினல் மீன், தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே 2007இல் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. தொட்டியில் எளிதாகக் குஞ்சு கொடுக்கும் மீன் அது! வளர்க்க முடிந்ததை வளர்க்காமல், பிடிப்பது மலிவு என்று பிடித்தார்கள்.

நம்மிடம் அந்தச் சாக்குக்கும் இடமில்லை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பல கோமாளி இனங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறது. லட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபணு வளக் கழகம் உள்ளூர்ப் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்க மானியம் உண்டு, பெண்களுக்கு 60 சதவீதம் வரை. வழிமுறையும் பணமும் இருக்கின்றன. குப்பத்துக் கொல்லை வரைக்கும் அவை வந்து சேரவில்லை.

எங்கள் குப்பங்களுக்கு இது சும்மா பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுத்து நிற்க, வடக்கே உள்ள கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. புதுச்சேரி கருங்கல் கொட்டித் தன் கரையைக் காத்துக்கொண்டது, அரிப்பு இன்னும் வடக்கே எங்கள் பக்கம் ஏறிவந்தது. தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வலை காயப்போட்ட மணல் பல இடங்களில் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. படகுத் தொழில் சுருங்கும் வீடுகளில் பெண்களுக்கு ஒரு தொட்டி வரிசை கிடைத்தால், பொரிப்பகத்திலிருந்து நகக்கண் அளவுக் குஞ்சு வாங்கி விற்பனை அளவுக்கு வளர்த்துக் கொடுக்கலாம். நல்ல கடல்தண்ணீர் எங்கே, எந்த மாதம் கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பிடித்து விற்பவர் பிழைப்பு என்னாவது' என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். பிடிக்கிற அதே வீட்டுக்கு வளர்க்கிற தொழிலைக் கொடுங்கள்.

மீன்வளத் துறை உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடல்மீன் விற்கும் ஒவ்வொரு தொட்டியின் மேலும் 'பண்ணையில் பொரித்தது' அல்லது 'கடலில் பிடித்தது' என்று எழுத வேண்டும் என ஆணையிடலாம். முட்டைக்கும் பாலுக்கும் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வாங்கும் காலம் இது. அதுவரை வாங்குபவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தை கோமாளி மீனைக் காட்டி 'நீமோ வேணும்' என்று அடம்பிடித்தாலும், பதில் வராத கடையிலிருந்து வெறுங்கையோடு வாருங்கள்.

என் ஜோடி போன ஆனியில் மண் ஓட்டின் அடியில் முட்டை வைத்தது. ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான பொட்டுகள். ஆண்மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் ஒவ்வொரு பொட்டிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் விளக்கை அணைத்து ஒரு மணி நேரத்தில் அத்தனையும் தூசு மாதிரி மிதந்தன. மொட்டைமாடியில் பச்சைத் தண்ணீர் வளர்த்து, அதில் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கு எட்டாத உயிரைப் பெருக்கித்தான் அந்தக் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று ஈடும் நான்காம் நாளைத் தாண்டவில்லை. நான்காவது ஈட்டில் பதினொன்று பிழைத்தன.

வெள்ளைப் பட்டை முழுசாக விழுந்த பிறகு அவற்றில் ஆறைக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். காசு வேண்டாம், தொட்டியின் மேல் நான் சொல்வதை எழுதுங்கள் என்றேன். மார்க்கரை எடுத்து அவரே எழுதினார்: 'கோட்டக்குப்பத்தில் வீட்டில் வளர்ந்த குஞ்சு.'