புலிக்குப் பரிசு, உழைத்தவனுக்கு ஓலை!

கொட்டகையிலே விளக்கு அணைந்து வெண்திரையில் கடவுள் தோன்றியதும், எழுந்து நின்று கும்பிட்டவர்கள் உண்டு. கற்பூரம் கொளுத்தியவர்களும் உண்டு. "அருள் அல்ல அய்யா, காமிராக்காரரின் கைத்திறன்!" என்று சொன்னவனுக்குக் கிடைத்த பட்டம், நாத்திகன்! 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்திலே மாயம் காட்டியவன் கடோத்கஜன் அல்லவே. மார்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் அல்லவா?

இன்று கடவுள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைத்திருக்கிறார்கள். "எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது" என்கிறார்கள். அன்று மனிதனின் உழைப்பை ஆண்டவன் கணக்கில் எழுதினார்கள். இன்று எந்திரத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். உழைத்தவன் பெயர் இரண்டு ஏட்டிலும் இல்லை!

2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தைப் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலே தொடங்கும் கதை. நடுக்கடல், சிறு படகு, ஒரு பையன், ஒரு புலி. ஆனால் தோழர்களே, கடலும் இல்லை, புலியும் இல்லை! தைவான் நாட்டின் தைச்சுங் நகரிலே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் நீலத்திரை, நடுவே தன்னந்தனியாய் அந்தப் பையன். சில காட்சிகளில் மட்டுமே உண்மைப் புலி. மற்றவை மனிதன் தீட்டிய புலி!

தீட்டினால் மட்டும் போதுமா? படகுக்குள் அதைப் பொருத்த வேண்டுமே! அந்த வேலைக்குத்தான் காம்போசிட்டிங் என்று பெயர். நியூக், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றெல்லாம் மென்பொருள்கள் இருக்கின்றன. தச்சனுக்கு உளி போல அவை கருவிகள், அவ்வளவே. உளி தானாகத் தேர் செதுக்குமா?

நீலத்தை நீக்கும்போது பையனின் தலைமயிர் ஓரம் கத்தரித்தது போல் தெரியக்கூடாது. கன்னத்திலே படிந்த நீலச் சாயலைத் துடைக்க வேண்டும். படகின் நிழல் எவ்வளவு கறுப்போ, புலியின் கோடும் அவ்வளவே கறுப்பாக இருக்க வேண்டும். ஒரு சாயல் கூடினாலும் ஒட்டவைத்த படம் என்று குழந்தையும் சொல்லிவிடும். தண்ணீரில் பட்ட வெயில் புலியின் வயிற்றிலே அலைய வேண்டும். காமிரா அசைந்தால் புலியும் அதே அளவு மங்க வேண்டும். படத்தில் உள்ள நுண்ணிய புள்ளிகள் புலியின் மேலும் படர வேண்டும். நொடிக்கு 24 படங்கள்! திரை வைக்க முடியாத இடங்களில் உருவத்தின் விளிம்பை அந்த ஒவ்வொரு படத்திலும் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டுப் பிரிக்கிறான் ஒருவன். அவன் வேலை கண்ணுக்குத் தெரிந்தால் தோல்வி, தெரியாவிட்டால் வெற்றி. உழைப்பை மறைப்பதே தொழிலாகிவிட்டவனை ஏய்ப்பது எவ்வளவு எளிது!

அந்தப் புலியைப் படைத்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சுமார் 250 பேருக்கு வேலை போயிற்று. அதே மாதம் 24ஆம் நாள், அதே புலிக்கு ஆஸ்கர் பரிசு! மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் துயரத்தைச் சொல்ல வாயெடுத்தார். 'ஜாஸ்' படத்தின் சுறாமீன் இசை எழுந்தது, ஒலிபெருக்கி ஓய்ந்தது. அரங்கின் உள்ளே பட்டாடை, வெளியே வீதியில் பதாகை ஏந்திய நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள்! மறுநாளிலிருந்து, இணையத்தில் தங்கள் முகம் இருந்த இடத்தில் வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள் பலர். எங்கள் உழைப்பை எடுத்துவிட்டால் உங்கள் படத்தில் மிஞ்சுவது இதுதான் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

படம் நட்டமா? 12 கோடி டாலர் போட்டு 60 கோடிக்கு மேல் வசூல்! பிறகு ஏன் படைத்தவன் திவால்? வேலைக்கு முன்பே மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். பிறகு "வானத்தை மாற்று, அலையை மாற்று" என்று எத்தனை முறை சொன்னாலும், கூடுதல் வேலைக்குப் பெரும்பாலும் கூடுதல் பணம் இல்லை. வீடு கட்டச் சொல்லிவிட்டு, கூரை போட்டபின் அடித்தளத்தை மாற்றச் சொன்னால் நம் ஊர்க் கொத்தனார் கரண்டியை எறிந்துவிட்டுப் போய்விடுவார்!

"வேலை இந்தியாவுக்கு வருகிறதே, மகிழக் கூடாதா?" என்பர் சிலர். வரட்டும், மகிழ்வோம். ஆனால், 'தி ஜங்கிள் புக்' படத்துக்காக 2017இல் ஆஸ்கர் வாங்கிய எம்.பி.சி. நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்களே! லாபம் கடல் கடந்து போனது. நட்டம் மட்டும் நம் பிள்ளைகளின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அமெரிக்காவில் நடிகருக்குச் சங்கம் உண்டு, எழுத்தாளருக்கு உண்டு, விளக்குப் பிடிப்பவருக்கும் உண்டு. புலி வரைந்தவன் மட்டும் நெடுங்காலம் அநாதை. 2023 செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தில் இந்த வேலை பார்ப்பவர்கள் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். வேண்டும் என்றவர்கள் 32 பேர். வேண்டாம் என்றவர் ஒருவர்கூட இல்லை.