எத்தனை இன்ச் சைக்கிள்?

சென்னையில் சைக்கிள் கடைக்குப் போனால் முதல் கேள்வி, ‘இருபத்தாறா, இருபத்தொன்பதா?’ என்பதாகவே இருக்கும். அது சக்கரத்தின் அளவு. அதற்கும் ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் நேரடியான சம்பந்தம் கிடையாது. ஒரே 29 இன்ச் சக்கரத்தில் 15 இன்ச் ஃபிரேமும் வருகிறது, 21 இன்ச் ஃபிரேமும் வருகிறது. குழந்தைகளின் சைக்கிளை 12, 16, 20 என்று சக்கரத்தைச் சொல்லி வாங்குவது ஓரளவு சரி; அங்கே சக்கரம் பெரிதாகும்போது ஃபிரேமும் கூடவே பெரிதாகிறது. அந்தப் பழக்கம் பெரியவர்களின் சைக்கிளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டதுதான் கோளாறு. மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கோ அடையாறுக்கோ தினமும் வேலைக்குப் போகிறவர் இரண்டு விஷயங்களை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். சீட்டை விட்டு இறங்கி நின்றால் குறுக்கு பாருக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஹேண்டில்பார் கைக்குச் சிரமமில்லாமல் எட்டுகிறதா? கியர், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் அப்புறம். மேடே இல்லாத ஊரில் 21 கியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேம்பாலத்தில் ஏறவும், பிற்பகலில் கடற்காற்றை எதிர்த்து மிதிக்கவும் நாலைந்து போதும்.

இடைவெளியை ஏன் முதலில் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். டூர் டி ஃபிரான்ஸ் போட்டியில் மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் ஒரு சூத்திரம் புழங்குகிறது. கவட்டிலிருந்து தரை வரை உள்ள நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை எவ்வளவு உயரம் வேண்டும் என்பது கிடைக்கும். 74 செ.மீ. கால் நீளம் உள்ளவருக்கு இது சுமார் 65 செ.மீ. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். மூட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்ற முடியாது. லஸ் முனையில் சிவப்பு விழுந்தால் சீட்டிலிருந்து முன்னால் சரிந்து இறங்கித்தான் நிற்க வேண்டும். பார் உயரமாக இருந்தால் அங்கே இடிக்கும். இடிக்குமே என்று பயந்து சீட்டை இறக்கிக்கொண்டால் முழங்கால் வலிக்கும். பெரிய ஃபிரேமை வாங்கியவருக்கு இந்த இரண்டில் ஒன்று நிச்சயம்.

‘தாத்தா காலத்தில் யார் அளந்து பார்த்து வாங்கினார்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற பழைய கறுப்பு சைக்கிள்கள் பெரும்பாலும் 22 அல்லது 24 இன்ச் ஃபிரேமில் வந்தன. கிராங்க் அச்சிலிருந்து பார் வரை அளக்கும் 22 இன்ச் என்பது 56 செ.மீ.; அந்த அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 29 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆக, பாரின் உயரம் 85 செ.மீ. இந்திய ஆண்களின் சராசரி உயரமோ 165 செ.மீ. வாக்கில்தான்; அவர்களின் கால் நீளம் 76-ஐத் தாண்டினாலே அதிகம். பாருக்கு மேல் நிற்கவே முடியாத வண்டியை அவர்கள் எப்படி ஓட்டினார்கள்? இடது பெடலில் ஒரு காலை வைத்து, தரையை உந்தி, வண்டி நகரத் தொடங்கியதும் வலது காலைப் பின்பக்கமாக வீசி ஏறினார்கள். இறங்கும்போதும் அதே வித்தைதான். சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டார்கள். 2024-இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது. வண்டிக்கு ஏற்ப மனிதர்கள் தங்களை வளைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இவையெல்லாம் அத்தாட்சி. வண்டி பொருந்தியது என்பதற்கு அல்ல. உந்தி ஏற நாலடி காலி இடம் வேண்டும். இன்றைக்கு உஸ்மான் சாலையில் பின்னால் நிற்கும் பேருந்து அதைத் தராது.

இருந்தாலும் அந்தப் பழைய வண்டி ஒரு விஷயத்தில் இன்றைய ‘மவுண்டன்’ தோற்ற சைக்கிளைவிட மேல். அதன் முன்கழுத்து நன்றாகச் சாய்ந்திருக்கும், சக்கரங்களுக்கு நடுவே தூரம் அதிகம், ஹேண்டில்பார் ஓட்டுகிறவரை நோக்கி வளைந்து வரும். பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி தடுமாறாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலும் சாலை தெரியும். புது வண்டிகள் பலவற்றில் நேரான, தாழ்ந்த ஹேண்டில்பார். அது எட்டவில்லை என்றால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போகும். ‘சீட்டை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது காலுக்கு மட்டுமே பொருந்தும். கைக்கான தூரம் ஃபிரேமிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைச் சின்னதாகப் போட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைக்கலாம், அவ்வளவுதான். சீட்டை முன்னால் தள்ளினால் மறுபடியும் முழங்காலில் கொண்டுபோய் விடும். குள்ளமானவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரம் பூட்டியிருந்தால், மாட வீதி முனையில் மெதுவாகத் திரும்பும்போது காலணியின் நுனி முன்சக்கரத்தில் உரசலாம்.

வேலைக்குப் போகும் நாலு கிலோமீட்டருக்கு இத்தனை ஆராய்ச்சியா என்றால், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவரைவிட, நாலு கிலோமீட்டருக்குள் முப்பது தடவை கால் ஊன்றுகிறவருக்குத்தான் இது அதிகம் தேவை. சின்ன அளவு கடையில் கிடைப்பதில்லை என்பது உண்மையான குறை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில்தான், அவர்களுக்குப் பொருந்துவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிளிலும் பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்றுதான் பிரிவினை, உயரத்தை வைத்து அல்ல. குறுக்கு பார் இல்லாத ‘லேடீஸ் சைக்கிள்’ வேட்டிக்கும் புடவைக்கும், பின்னால் மூட்டை கட்டியவருக்கும் ஒரே மாதிரி வசதி. ஆண்கள் அதைத் தொடக் கூச்சப்படுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கடைக்குப் போகும்முன் வீட்டில் சுவரோரம் வெறுங்காலுடன் நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கடையில் வண்டியின் பார் உயரத்தை அளந்து, அது உங்கள் அளவைவிட ஐந்து சென்டிமீட்டராவது குறைவாக இருந்தால் மட்டும் விலையைக் கேளுங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.