வினவும் முறை

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார். அவற்றுள் அறியாதவன் அறிய வேண்டி வினவுவது அறியாவினா. திரைப்பட விழாக்களில் தனித்தியங்கும் இயக்குநரைப் பேட்டி காண்போர்க்கு உரியது அதுவே. ஆயினும், படத்தைப் பாராமலே செலவையும் பரிசையும் வினவுவோர் பலர். அவற்றைக் கூறப் படைப்பாளர் வேண்டுமோ? செய்தித்தாளே போதும்.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. கணவன் வீட்டினின்று வெளியேற்றப்பட்டு, நடந்தே தாய்வீடு சேர்ந்த தம் உடன்பிறந்தாளின் துயரே அப்படத்தின் வித்து என அவர் பேட்டிகளிற் கூறினார். 'இக்கதை எங்குப் பிறந்தது?' என்னும் வினாவே அத்தகைய விடையை ஈனும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் வளரும் மாணவரும் நாளை தம்மூர் வாழ்வைப் படமாக்கலாம். படமாக்கியவரை வினவவும் நேரலாம். படத்தை முழுதும் கண்டபின் வினவுக. வினவியபின் இடைமறியாது கேட்க. பிறர் துயரை வினவுவார்க்கு அதுவே பண்பு.