டேங்கர் லாரி டிரைவருக்கு மூணு நாள் பாடம் போதுமா?

மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் போய்ப் பாருங்கள். ராத்திரி, பகல் என்று இல்லாமல் டேங்கர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல், டீசல், சமையல் காஸ், ஆசிட் என்று வயிறு முட்ட ஏற்றிக்கொண்டு ஜனங்கள் நடமாடும் ரோட்டில்தான் வருகின்றன. ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவர் சிக்னலில் அந்த லாரிக்குப் பக்கத்தில்தான் காலை ஊன்றி நிற்கிறார்.

அந்த டிரைவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியுமா? வண்டி கவிழ்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-வது விதி என்ன சொல்கிறது? ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரி டிரைவர் மூணு நாள் பயிற்சி முடித்து, சர்டிபிகேட் வாங்கி, அதை லைசென்சில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு எப்படிப்பட்டது, கசிந்தால் என்ன செய்வது, என்ன முதலுதவி என்று அச்சடித்த 'டிரெம் கார்டு' டிரைவர் கேபினிலேயே இருக்க வேண்டும். லாரியின் மேல் சரக்கின் பெயர், ஐ.நா. நம்பர், அவசர போன் நம்பர் எழுதிய போர்டு இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு 1203. சமையல் காசுக்கு 1075. குளோரினுக்கு 1017. இந்த நாலு இலக்கம் தெரிந்தால் போதும், தீயணைப்பு படையினர் தூரத்திலிருந்தே சரக்கு என்ன என்று புரிந்து கொள்வார்கள்.

டிரைவருக்குப் போதுமான பயிற்சி கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆக, "எனக்குத் தெரியாது, டிரைவரைக் கேளுங்க" என்று முதலாளி நழுவ முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் இந்த லைசென்சு ஒரு வருஷம்தான் செல்லும். ஒரு நாள் மறுபயிற்சி எடுத்தால்தான் புதுப்பித்துத் தருவார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு வருஷத்தை மூணு வருஷமாக்கி விட்டார்கள். டிரைவருக்கு அலைச்சல் மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம், வாஸ்தவம். ஆனால் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு நாள் படித்த பாடம், நடுராத்திரி வண்டி சாய்ந்து கிடக்கும்போது ஞாபகத்துக்கு வருமா? சந்தேகம்தான்.

சமையல் காஸ் காற்றைவிட கனம். மேலே பறந்து போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து சாக்கடை, பள்ளம், வீட்டு வாசல் என்று புகுந்து உட்கார்ந்து கொள்ளும். எங்கோ ஒரு அடுப்பு, ஒரு பீடி, ஒரு ஸ்விட்ச் போதும். திரவமாக இருக்கிற காஸ் வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு பெருகும். இது தெரிந்த டிரைவர் முதல் நிமிஷத்தில் ரோட்டை மறித்து, வருகிற வண்டிகளின் இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கத்துவார். தெரியாதவர் இறங்கி டயரைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

2012 ஆகஸ்டு 27 ராத்திரி, கேரளாவில் கண்ணூர் பக்கம் சாலா என்ற இடத்தில் காஸ் டேங்கர் கவிழ்ந்தது. 20 பேர் கருகிச் செத்தார்கள். 2024 டிசம்பர் 20 விடியற்காலை, ஜெய்ப்பூர்-அஜ்மீர் ரோட்டில் திரும்பிய காஸ் டேங்கர் மீது லாரி மோதியது. காஸ் பனி மாதிரி ரோட்டில் பரவியது. ஒரு பஸ் உள்பட முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்து, சுமார் 20 உயிர் போனது. அடுத்த மாதமே, 2025 ஜனவரி 3-ந் தேதி நம்ம கோவையில் அவினாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் காசோடு வந்த லாரியின் டேங்க் கழன்று உருண்டது. தீயணைப்பு படை தண்ணீரைப் பீய்ச்சிக் கொண்டே இருந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதே காஸ்தான், பக்கத்தில் பொறி இல்லை, வந்தவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது.

சரி, டிரைவராவது மூணு நாள் படிக்கிறார். கிளீனர்? வால்வைத் திறக்கிறவர், ஹோஸ் மாட்டுகிறவர், டிரம்மை ஏற்றி இறக்குகிறவர்? மணலி ரோடு டீக்கடையில் ஒரு கிளீனர் பையனிடம் "டிரெம் கார்டுன்னா என்னப்பா?" என்று கேட்டோம். "ஆர்.டி.ஓ. கேட்டா காட்றதுக்கு சார்" என்றான். பாவம், அவன்மேல் தப்பு இல்லை. ஐரோப்பா முழுக்க டிரைவர் மட்டுமல்ல, சரக்கை நிரப்புகிறவர், கட்டுகிறவர், ஏற்றுகிறவர் என்று எல்லாருக்கும் பயிற்சி கட்டாயம். அமெரிக்காவிலும் அப்படித்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1996 மே 11-ந் தேதி மியாமியில் கிளம்பிய ஒரு பயணி விமானம் தீப்பிடித்து விழுந்து 110 பேர் இறந்தார்கள். காரணம், பழைய ஆக்சிஜன் கருவிகளைப் பாதுகாப்பு மூடி போடாமல் அட்டைப்பெட்டியில் அடைத்து, 'காலி' என்று சீட்டு எழுதி ஏற்றியது. பைலட் என்ன செய்வார்? தப்பு பெட்டி கட்டிய இடத்தில் நடந்தது.

இங்கேயும் பாருங்கள். 2023 ஆகஸ்டு 26, மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் யாரோ கொண்டு வந்த சமையல் காஸ் சிலிண்டரால் 9 பேர் பலி. சிலிண்டரோடு பெட்டியில் ஏறியவர்களை வழியில் ஒருவரும் தடுக்கவில்லையா?

அதிகாரிகளுக்கு நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டோல்கேட்டிலும் செக்போஸ்டிலும் டேங்கரை நிறுத்தினால் கார்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். "வண்டியில என்ன லோடு? கசிஞ்சா என்ன பண்ணுவே?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் முதலாளியைக் கூப்பிடுங்கள், டிரைவருக்கு பைன் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். கார்டை டிரைவர் படிக்கிற மொழியில் அடிக்கச் சொல்லுங்கள். மறுபயிற்சியை மறுபடி வருஷத்துக்கு ஒன்றாக்குங்கள். அன்றைய கூலியை கம்பெனி கொடுக்கட்டும். கிளீனரையும் அதே வகுப்பில் உட்கார வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் செல்போனில் படம் எடுக்கவோ, கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பிடிக்கவோ ஓடாதீர்கள். 2017-ல் பாகிஸ்தானில் பகவல்பூர் பக்கம் அப்படி ஓடி இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போய், நல்ல தூரத்தில் நின்று போன் போடுங்கள். தீயணைப்புக்கு 101, சமையல் காஸ் கசிவுக்கு 1906. போர்டில் இருக்கிற நாலு இலக்க நம்பர் கண்ணுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.