ஆற்றுக்கு அங்கால யார் படிப்பிக்கிறது?

கார்த்திகை பிறந்து மாதுறு ஓயாத் தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை ஆறரை மணிக்குக் கிரான் பாலத்தடிக்குப் போய்ப் பாருங்கள். புலிபாய்ந்தகல் போகும் வீதி தண்ணீருக்குள் கிடக்கும். ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளை இந்தக் கரையில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உழவு இயந்திரப் பெட்டியிலோ தோணியிலோ ஏறுவார்கள். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி நிற்கும் ஆசிரியைகளின் படம் ஒவ்வொரு மாரியிலும் பத்திரிகைகளில் வரும். முகநூலில் எல்லோரும் கும்பிடுவார்கள். தை மாதம் தண்ணீர் வற்ற, ஆசிரியர் இடமாற்றப் பட்டியலும் வெளிவரும். படத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

நானும் அப்படி ஆற்றைக் கடந்தவன். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. நான் கடந்த காலத்தில் தண்ணீர் மட்டும் தடையாக இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இந்தக் கரை இராணுவத்திடம், அந்தக் கரை இயக்கத்திடம். காலையில் ஒரு சோதனைச் சாவடி, சற்றுத் தூரத்தில் இன்னொன்று. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். வெண்கட்டிப் பெட்டியையும் திறந்து காட்ட வேண்டும். நான் அப்போது தொண்டர் ஆசிரியன். சம்பளம் என்று ஒன்றில்லை. ஊர் மக்கள் நெல்லும் தயிரும் தருவார்கள். பின்னர் நிரந்தர நியமனம் கிடைத்தது. கலாசாலைக்குப் போய் இரண்டு வருடம் பயிற்சி பெற்றேன். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த அன்றே இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்பினேன். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்திருந்தார்கள், வேறு காரணம் தேவைப்படவில்லை. ஆகவே இப்போது மாற்றம் கேட்டு ஓடுகிறவர்களைத் திட்ட எனக்கு உரித்தில்லை. இந்தக் கட்டுரையின் நோக்கமும் அதுவல்ல.

கிரானுக்கு மேற்கே குடும்பிமலை, தரவை, வடமுனை, ஊத்துச்சேனை, முறுத்தானை, பூலாக்காடு என்று பரந்து கிடக்கும் ஊர்களின் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வருவதற்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது தேசிய கல்வியியற் கல்லூரி. எங்கள் மாவட்டத்துக்குத் தாழங்குடாவில் இருக்கிறது. உயர்தரத்தில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் இரண்டு வருடம் அங்கே தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையொன்றில் கட்டுறு பயிற்சி பெற்று வருவார்கள். என் கணிப்பில் இவர்கள்தான் உண்மையில் படிப்பிக்கத் தெரிந்து வருகிறவர்கள். ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் எழுவான்கரைப் பிள்ளைகள். நகரத்திலிருந்து கிரானுக்கே இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். அதற்கு அப்பால் காடும் வயலும் யானையும். 2022இல் எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்தக் கணக்கில் யார் எத்தனை நாள் வடமுனைக்குப் போய்வந்திருக்க முடியும் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டாவது வாசல் பட்டதாரி நியமனம். 2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆனால் நான் சொல்லப்போவதில் பலருக்குக் கோபம் வரும். அந்தப் போராட்டம் வேலைக்கானது, வகுப்பறைக்கானதல்ல. பாடசாலைகளில் வெற்றிடம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும். பூங்காவில் இருந்தவர்களில் பெரும்பான்மையினர் கலைப் பட்டதாரிகள். அரசாங்கம் என்ன செய்தது? 2020க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்து, அவர்களில் பலரைப் பாடசாலைகளோடு இணைத்துவிட்டது. அவர்கள் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் ஆசிரியர் சேவையில் இல்லை. பயிற்சியும் இல்லை, ஆசிரியர் பதவியும் இல்லை. தங்களை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கும்படி இன்னும் வீதியில் நிற்கிறார்கள்.

மூன்றாவது வாசல் என்னைப் போன்ற தொண்டர்கள். அந்த வாசலை இப்போது வாசல் என்று சொல்ல முடியாது.

என்னோடு அந்தப் பாடசாலையில் ஒரு தங்கச்சி படிப்பித்தா. அந்த ஊர்ப் பிள்ளை. சாதாரணதரம் சித்தியடைந்து, உயர்தரத்தைப் பாதியில் விட்டவ. தரம் ஒன்றும் இரண்டும் அவவிடம். எழுத்துத் தெரியாமல் வந்த பிள்ளை ஆறு மாதத்தில் வாசிக்கும். நாங்கள் வெள்ளத்தைச் சாட்டி வராத நாட்களிலும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தது அவதான். 2007இல் ஷெல் அடி தொடங்கி, குடும்பிமலை இராணுவத்தின் கைக்குப் போகும்வரை சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பாடசாலையில் கதவும் இல்லை, வரவு இடாப்பும் இல்லை, சம்பவத்திரட்டுப் புத்தகமும் இல்லை. பிறகு தொண்டர் ஆசிரியர்களுக்கான நேர்முகத்துக்குப் போன இடத்தில் ஓர் அலுவலர், “படிப்பிச்சதுக்கு ஆதாரம் எங்க?” என்று கேட்டாராம். அவவிடம் படித்த பிள்ளைகள்தான் ஆதாரம். அதைக் கடதாசியில் ஒட்ட முடியாது. நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அப்போதைய அதிபரும் கொடுத்தார். ஏற்கவில்லை. பதின்மூன்று வருடம் படிப்பித்தவ இன்று அந்த ஊரில் இடியப்பம் அவித்து விற்கிறா. எங்கள் பாடசாலைக்கு அந்தக் காலத்தில் வந்துபோன ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் இன்றும் அந்த ஊரில் இருப்பவர் அவ ஒருவர்தான். அவவைத்தான் அரசாங்கம் எடுக்கவில்லை.

ஆசிரியர் பற்றாக்குறை என்று நாம் பேசும்போதெல்லாம் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். வலயத்துக்கு இத்தனை பேர் தேவை, இத்தனை பேர் தந்தார்கள் என்று. நூறு பேரைத் தந்தாலும் ஐந்து வருடத்தில் நூறு பேரும் ஆற்றுக்கு இங்கால வந்துவிடுவார்கள் என்றால் அது நிரப்பிய வெற்றிடமா? புதிதாக வருகிறவர் ஒரு வருடம் ஊரைப் படிக்கிறார். அடுத்த வருடம் பிள்ளைகளைப் படிக்கிறார். மூன்றாம் வருடம்தான் ஒழுங்காகப் படிப்பிக்கத் தொடங்குகிறார். பிறகு மாற்றம் கேட்கிறார். இந்தப் பிள்ளைகள் எப்போதும் ஒருவருடைய முதல் மூன்று வருடத்தில்தான் படிக்கிறார்கள். நன்றாகப் பழகிய கைகள் நகரப் பாடசாலைக்குப் போய்விடும்.

தயார்ப்படுத்தலிலும் ஒரு குறை. நான் கலாசாலையில் படித்தபோது ஒரு வகுப்பு, ஒரு பாடம், முப்பது பிள்ளைகள் என்ற கணக்கில்தான் எல்லாம் சொல்லித்தந்தார்கள். ஆற்றைக் கடந்து போனால் ஒரே மண்டபத்தில் மூன்று தரம், மொத்தமாக இருபத்தைந்து பிள்ளைகள், நான் ஒருவன். ஒரு தரத்துக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மற்றத் தரத்துக்கு வாசிப்பு நடத்தும் பல்தரக் கற்பித்தலை நான் கற்றது அந்தத் தங்கச்சியிடம். பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருத்தி அவர்களையே சொல்லிக்கொடுக்க வைப்பா.

சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார்களா? 2021 ஜூலையில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி, ஆசிரியர்களும் அதிபர்களும் மூன்று மாதத்துக்கு மேல் போராடினோம். 1997இல் தொடங்கிய சம்பள முரண்பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு தீர்வு கிடைத்தது. தேவையான போராட்டம்தான், நானும் நின்றேன். ஆனால் அந்தக் கூட்டல் கொழும்பு ஆசிரியருக்கும் ஊத்துச்சேனை ஆசிரியருக்கும் ஒன்றுதான். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு இருக்கிறது, பெற்றோலுக்கே காணாது. ஆபிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. 2006இல் அங்கே பிரதான வீதியிலிருந்து 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பின்தங்கிய ஆரம்பப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 வீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பங்கு அந்தப் பாடசாலைகளில் 10 வீதப் புள்ளிகள் அளவுக்குக் கூடியது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். ஆனால் பிள்ளைகளின் சராசரிப் புள்ளி கூடவில்லை. காசு ஆளைக் கொண்டுவரும். அதற்குமேல் அது மட்டும் போதாது.

இதைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது நியூயோர்க் மாநிலத்தில் செய்யப்பட்டு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அங்கே புதிதாக ஆசிரியரானவர்களில் 61 வீதமானவர்கள், தாங்கள் வளர்ந்த ஊரிலிருந்து 15 மைலுக்குள் முதல் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். 15 மைல் என்றால் 24 கிலோமீற்றர், கிட்டத்தட்ட நகரத்திலிருந்து கிரானுக்குள்ள தூரம். வசதியான நாட்டிலும் ஆசிரியர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க விரும்புகிறார். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஊர்களை வீடாகக் கொண்டவர்களில் ஏன் ஆசிரியர்கள் இல்லை?

பதில் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. கிரானுக்குத் தெற்கே, வந்தாறுமூலையில் ஒரு மத்திய கல்லூரி இருந்தது. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்து ஏற்பாடு அது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையைப் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்து, மத்திய பாடசாலை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பது. இன்றைய தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் அங்கேதான். வயற்காரரின் பிள்ளைகள் பலர் அந்த வழியால் ஆசிரியரானார்கள். விடுதி போய்விட்டது, பரீட்சை மட்டும் மிஞ்சி இன்று பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்து ஆட்டுகிறது. 1981இல் அதே வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இல் அகதி முகாமானது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

அந்த வருடம் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இப்போது பாடசாலைகளை நடத்திக்கொண்டிருக்க வேண்டிய வயது. ஆற்றுக்கு அங்கால அந்த வயதுக்காரர் காட்டிலும் முகாமிலும் பங்கரிலும் இருந்தார்கள். சிலர் விரும்பி இயக்கத்துக்குப் போனார்கள், பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். இதை நாம் மூடி மறைத்து எழுதிப் பயனில்லை. உயர்தரம் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் உள்ளூர் ஆசிரியர் இல்லை. உள்ளூர் ஆசிரியர் இல்லாததால் அடுத்த தலைமுறையிலும் உயர்தரம் போகிறவர் குறைவு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விசயம். முன்பு உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது, ஆறு வற்றிக் கிடக்கும் காலம். இப்போது நவம்பருக்கு வந்திருக்கிறது. 2024இல் பரீட்சை தொடங்கி இரண்டாம் நாளே வெள்ளம் வந்து, நாடு முழுக்க ஒருவாரம் நிறுத்த வேண்டி வந்தது. நாடு முழுக்க வந்ததால் நிறுத்தினார்கள். கிரானுக்கு மேற்கே மட்டும் தண்ணீர் வந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களா?

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. கிரானில் ஆற்றுக்கு அங்காலப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, உயர்தரம் படிக்கும் இரண்டு வருடத்துக்கு. அவர்களில் ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குத் தாழங்குடாவில் சில இடங்களை ஒதுக்கி, முடித்ததும் தங்கள் ஊரிலேயே எட்டுப் பத்து வருடம் படிப்பிக்க வேண்டும் என்று கையொப்பம் வாங்குங்கள். வெட்டுப்புள்ளி குறைந்தால் தரம் குறைந்துவிடும் என்று சொல்வார்கள். கூடிய புள்ளி எடுத்தவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற பாடசாலையின் தரம் என்ன? ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், உள்ளூர் ஆசிரியர் எல்லாரும் உத்தமர் இல்லை. விதைப்புக்கும் வெட்டுக்கும் வயலுக்குள் இறங்கிவிட்டு இடாப்பில் ஒப்பம் வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். அதற்கு நல்ல அதிபர் வேண்டும். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளும் அதே பாடசாலையில் படிக்கும். என் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். மாகாணப் பாடசாலைகள் மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரும் செயலாளர்களும் முடிவெடுக்கிறார்கள். அவர்கள் முன்னால் வாக்குக் கேட்டுப் போக வேண்டியவர்கள் அல்லர். தமிழ்க் கட்சிகள் பதின்மூன்றாம் திருத்தம் பற்றிப் பேசும்போது காணி, பொலிஸ் என்று தொடங்குகின்றன. பாடசாலை அதிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தது. இருந்த வருடங்களில் அதைக் கொண்டு ஆற்றுக்கு அங்கால ஒரு விடுதியாவது கட்டவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கொப்பி, சீருடை, ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. திறந்து வைத்த கணினிகள் சில பெட்டியோடு தூசி பிடித்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். பத்துக் கட்டிலும் ஒரு சமையல்காரரும் ஒரு பொறுப்பான அம்மாவும் அதைவிடச் செலவு குறைவு.

போன மாரிக்கு முன்னர் அந்தத் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தா. கடைசி மகள் சாதாரணதரம் நல்லாகச் செய்திருக்கிறாள். உயர்தரம் படித்து, தாழங்குடாவுக்குப் போய், டீச்சராக வேண்டுமாம். தினமும் வந்துபோக முடியாது. “அண்ணன், இங்கால ஆர்ர வீட்ட புள்ளைய விடுற?” என்று கேட்டா. என் மனைவி உள்ளே இருந்து, “ஏன், இந்த வீடு வீடில்லையா?” என்றா.

பிள்ளை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அவளோடு சாதாரணதரம் எழுதியவர்கள் ஏழு பேர். மூன்று பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மற்ற மூன்று பொடியன்களும் மாடு மேய்ச்சலிலும் வயலிலும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன் கணக்கில் இவளைவிடக் கெட்டிக்காரன் என்று இவளே சொல்கிறாள்.